வார்டு மெம்பர் நாற்காலி காலியானால்: செட்டிநாட்டு ஊராட்சிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் ஊராட்சியின் நாலாவது வார்டு மெம்பர் சிங்கப்பூருக்குக் கிளம்பியது 2021 மார்கழியில். பெர்மிட் வந்தது, போய்விட்டார். அதில் ஒன்றும் அதிசயம் இல்லை. எங்கள் பக்கம் மூன்று தலைமுறையாக நடப்பதுதான். ஊர் முழுக்கத் தெரியும். மாசிப் படைப்பு வழிபாட்டுக்கு அவர் அங்கிருந்து வரிப்பணம் அனுப்பியதும் தெரியும். ஆனால் பஞ்சாயத்துத் தீர்மான நோட்டில் மட்டும் அவர் ஊரைவிட்டுப் போகவே இல்லை. வருகைப் பக்கத்தில் அவர் பெயருக்கு எதிரே, கூட்டத்துக்குக் கூட்டம், பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி.

"இது என்னண்ணே புள்ளி?" என்று கிளார்க்கிடம் கேட்டேன்.

"வந்தா கையெழுத்து வாங்கிக்கலாம்ல. எதுக்கு ஒருத்தர் பொழப்புல மண்ணைப் போடணும்?"

நல்ல மனசுதான். அந்த நல்ல மனசால் 2022 ஜூலை 9 அன்று தமிழ்நாடு முழுக்க உள்ளாட்சிக் காலியிடங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, எங்கள் நாலாவது வார்டு அந்தப் பட்டியலில் இல்லை. சட்டப்படி பங்குனியிலேயே போயிருக்க வேண்டிய பதவி. எழுதாததால் எங்கேயும் காலியிடம் என்று ஏறவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், ஊருணிக் கரையில் குப்பை கொட்டுகிறார்கள் என்றாலும் நாலாவது வார்டுக்காரர்கள் மூன்றாவது வார்டு மெம்பர் வீட்டுத் திண்ணையில் போய் நின்றார்கள்.

காலியிடத்தை நிரப்புவது தேர்தல் ஆணையத்தின் வேலை என்று எல்லோரும் நினைக்கிறோம். ஆணையம் செய்வது கடைசிப் பாதி. முதல் பாதி நம் ஊர் நோட்டிலும் யூனியன் ஆபீஸ் (ஊராட்சி ஒன்றிய அலுவலகம்) மேசையிலும் நடக்கிறது. தாமதமும் பெரும்பாலும் அங்கேதான். ஆகவே இந்த வழிகாட்டியில் தேர்தலை விட அதற்கு முந்திய காகிதத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் ஊர் எந்தச் சட்டத்துக்குள் வருகிறது

இதைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் தவறான அலுவலகத்தில் மனு கொடுத்து இரண்டு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், நெற்குப்பை எல்லாம் பேரூராட்சிகள். பார்த்தால் கிராமம் போலத்தான் இருக்கும், சட்டம் வேறு. அவற்றுக்கு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். நான் எழுதுவது கிராம ஊராட்சிகளுக்கு, அதாவது 1994 ஏப்ரல் 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துக்குள் வரும் ஊர்களுக்கு.

இன்னொரு சிக்கல், செட்டிநாடு இரண்டு மாவட்டத்தில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு சிவகங்கை ஆட்சியர். ராயவரம், கடியாபட்டிக்காரர்களுக்குப் புதுக்கோட்டை ஆட்சியர். சிவகங்கை மாவட்டத்தில் மட்டும் 12 ஊராட்சி ஒன்றியங்கள்: சாக்கோட்டை, கல்லல், தேவகோட்டை, கண்ணங்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, எஸ்.புதூர் ஆகியவற்றோடு தெற்கே சிவகங்கை, காளையார்கோவில், மானாமதுரை, திருப்புவனம், இளையான்குடி. வீட்டு வரி ரசீதின் தலைப்பைப் பாருங்கள். ஊராட்சி, ஒன்றியம் இரண்டும் அதில் அச்சடித்திருக்கும்.

காரைக்குடியை ஒட்டி இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2024-இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளோடு சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் உள்ளே போயின. ஊராட்சியே இல்லாமல் போன ஊரில் ஊராட்சிக் காலியிடம் என்று ஒன்று கிடையாது. அங்கே கேட்க வேண்டியது மாநகராட்சி வார்டு.

நாற்காலி எப்படிக் காலியாகிறது

மரணம், ராஜினாமா, கூட்டத்துக்கு வராமை, தகுதி இழப்பு, பதவி நீக்கம். ஐந்துக்கும் ஐந்து வகைக் காகிதம்.

மரணத்தில் குழப்பமில்லை என்று நினைப்போம். இறப்புச் சான்றிதழ் ஒன்று போதும், உண்மைதான். ஆனால் இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஊரில் இறந்தால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) பதிவு செய்வார். மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு மதுரையில். குடும்பத்தார் காரியம் முடித்து, பத்திரத்துக்கோ பேங்குக்கோ தேவைப்படும்போதுதான் சான்றிதழ் வாங்கப் போவார்கள். அதுவரை ஊராட்சியின் கையில் ஒன்றும் இல்லை. துக்க வீட்டில் இதைக் கேட்பது சங்கடம்தான். பதினாறு கழிந்ததும் சொந்தக்காரர் ஒருவர் வழியாக ஒரு நகல் வாங்கி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

ராஜினாமா எழுத்தில் இருக்க வேண்டும், தேதியோடு, கையெழுத்தோடு. டீக்கடையில் கோபத்தில் "நான் இனிமே மெம்பரே இல்லை" என்றது எதுவும் ராஜினாமா ஆகாது. வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஆகாது. சிலர் தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தைத் தேர்தலுக்கு முன்பே எழுதி வாங்கி வைத்துக்கொள்வார்கள், "இரண்டரை வருசம் நீ, இரண்டரை வருசம் நான்" என்ற ஒப்பந்தத்துக்காக. அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை. அந்தக் கடிதம் தன்னுடையது அல்ல, வற்புறுத்தி வாங்கியது என்று அவர் ஆட்சியரிடம் எழுதிக் கொடுத்தால் கதை அங்கேயே நிற்கும்.

அடுத்தது எங்கள் பக்கத்துக்கே உரியது: கூட்டத்துக்கு வராமை. ஒரு உறுப்பினர் தொடர்ந்து மூன்று மாதம் ஊராட்சிக் கூட்டத்துக்கு வராவிட்டால் அவர் உறுப்பினராக இருப்பது நின்றுபோகும். அந்த மூன்று மாதத்துக்குள் மூன்று கூட்டம் நடக்கவில்லை என்றால், கடைசியாக வந்ததற்குப் பின் தொடர்ந்து மூன்று கூட்டங்களைத் தவறவிட்டிருக்க வேண்டும். யாரும் வாக்கெடுக்கத் தேவையில்லை, யாரும் நீக்கத் தேவையில்லை. தானாகவே போய்விடும்.

இங்கேதான் மூன்று விஷயங்களை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். முதலாவது, அவருக்குக் கூட்ட அழைப்பு முறையாகப் போயிருக்க வேண்டும். அழைப்பே அனுப்பாமல் நடத்திய கூட்டம் கணக்கில் வராது. எதிர்க்கோஷ்டி மெம்பரைக் கழட்டிவிட இதை ஒரு தந்திரமாகச் செய்த ஊர்கள் உண்டு. அஜெண்டா நகலில் அவர் கையெழுத்தோ, வீட்டார் பெற்றுக்கொண்ட கையெழுத்தோ இல்லை என்றால் அந்தத் தந்திரம் நிற்காது. இரண்டாவது, பதவி போய்விட்டது என்று அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மூன்றாவது, தெரிவித்தது கையில் கிடைத்து 15 நாளுக்குள் அவர் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி ஊராட்சிக்கு மனுக் கொடுக்கலாம். ஊராட்சி அடுத்த கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். உடம்பு சரியில்லாதவர், பிரசவத்துக்குப் பிறந்த வீடு போனவர் இப்படித் திரும்பி வர வழி இருக்கிறது. ஒரு பதவிக்காலத்தில் இரண்டு முறைக்கு மேல் இந்தச் சலுகை கிடையாது.

இந்த மூன்றும் தீர்மான நோட்டில் இருந்தால்தான் காலியிடம் உறுதி. பென்சில் புள்ளி எங்கே உதைக்கிறது என்று இப்போது தெரிகிறதா? புள்ளி வருகையும் இல்லை, வராமையும் இல்லை. வராதவர் பெயருக்கு எதிரே பேனாவால் "வரவில்லை" என்று எழுத வேண்டும். நீங்கள் அதே ஊராட்சியில் மெம்பராக இருந்தால், கூட்டம் முடிந்து கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

பதவி நீக்கம் நீண்ட கதை. தலைவரை நீக்குவது சட்டத்தின் 205-ஆம் பிரிவு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியர் தாமாகவே தொடங்கலாம்; அல்லது ஊராட்சியின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுக்கலாம். மொத்த எண்ணிக்கை என்பதில் காலியிடமும் சேரும் என்பதை மறந்து, இருப்பவர்களில் மூன்றில் இரண்டு என்று கணக்குப் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. ஆட்சியர் விளக்கம் கேட்பார். விளக்கம் திருப்தி இல்லை என்றால் தாசில்தார் ஊராட்சியின் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். அதன் பிறகுதான் ஆட்சியரின் முடிவு, அறிவிக்கை, அரசுக்கு மேல்முறையீடு. இடையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தடை வாங்கிவிட்டால் நாற்காலி காலி இல்லை. அதே போல, தலைவரின் செக் பவரை (காசோலையில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தை) ஆட்சியர் எடுத்துவிட்டார் என்றால் பதவி போய்விட்டது என்று ஊரில் பட்டாசு வெடிப்பார்கள். செக் பவர் போவதும் பதவி போவதும் வேறு வேறு.

காகிதத்தை நகர்த்துவது

காலியான தகவல் போகும் பாதை இது: ஊராட்சிச் செயலர் (ஊரில் இன்னும் கிளார்க் என்றுதான் சொல்கிறோம்) யூனியன் ஆபீஸுக்கு எழுதுவார். அங்கே கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அதை மாவட்டத்துக்கு அனுப்புவார். ஊராட்சிகள் உதவி இயக்குநர் வழியாக அது ஆட்சியரிடம் போகும். ஆட்சியர்தான் மாவட்டத் தேர்தல் அலுவலர். அவரிடமிருந்து சென்னையில் உள்ள மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு. ஆணையம் ஒவ்வொரு காலியிடத்துக்கும் தனித்தனியாகத் தேர்தல் நடத்துவதில்லை. மாநிலம் முழுக்கச் சேர்ந்த காலியிடங்களுக்கு மொத்தமாக ஒரே நாளில் நடத்துகிறது. 2022 ஜூலையில் நடந்தது அப்படித்தான். பட்டியல் மூடும் முன் உங்கள் ஊர் பெயர் போய்ச் சேராவிட்டால் அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பட்டியலில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் செயலரிடம் நேரில் கேளுங்கள், சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல். "அண்ணே, நாலாவது வார்டு காலின்னு யூனியனுக்கு எழுதியாச்சா? எழுதின தேதி, நம்பர் மட்டும் சொல்லுங்க" என்றால் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். அந்த நடப்பு எண் கையில் இருந்தால் பி.டி.ஓ. ஆபீஸில் உங்களை அலையவிட முடியாது. வெறும் கையோடு போய் "எங்க வார்டு காலியா இருக்கு சார்" என்றால் "பார்க்கலாம்" என்று ஒரு பதில். நடப்பு எண்ணோடு போனால் ஒரு நோட்டைப் புரட்டுவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பதில் வரவில்லை என்றால் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை நடக்கிறது. "நாலாவது வார்டு உறுப்பினர் பதவி இன்ன தேதி முதல் காலியாக உள்ளது, இதை மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவித்து நிரப்ப வேண்டும்" என்று ஒரே வாக்கியத்தில் தீர்மானம் போதும். மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போகாதீர்கள். நீளமாக இருந்தால் 'இதர பொருள்' என்று கடைசியில் தள்ளிவிடுவார்கள். தலை எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருக்க வேண்டும். பாதி வீடு பூட்டிக் கிடக்கிற நம் ஊர்களில் நூறு பேரைச் சேர்ப்பது லேசில்லை. நூறுநாள் வேலைக்குப் போகிறவர்களிடம் முந்தின நாளே சொல்லி வைத்தால் கூட்டம் சேரும்.

கிராம சபைக்குப் பிறகும் நகரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய வெள்ளைத்தாள். ஏன் நிரப்பவில்லை என்று கேட்காதீர்கள். 'ஏன்' என்பதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. இப்படிக் கேளுங்கள்: காலியிடம் குறித்து ஊராட்சியிலிருந்து வந்த கடிதத்தின் நகல், அது மாவட்டத்துக்கு அனுப்பப்பட்ட கடிதத்தின் நகல், இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உள்ள தீர்மான நோட்டின் வருகைப் பக்கங்களின் நகல். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். எங்கள் நாலாவது வார்டு விஷயத்தில் நான் கேட்டது அந்தக் கடைசி நகலைத்தான். வந்த ஜெராக்ஸில் பென்சில் புள்ளி பதியவே இல்லை. நான்கு மாதத்துக்கும் வெறும் வெள்ளைக் கட்டம். அந்த வெள்ளைக் கட்டத்தை வைத்து மேலே எழுதினோம். பதவி போனது பதிவானது, காலியிடம் என்று ஏறியது. ஆனால் அதற்குள் 2022 ஜூலை கடந்துவிட்டது. 2025 ஜனவரியில் ஊராட்சியின் பதவிக்காலமே முடியும்வரை அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.

நடுவில் யார் கையெழுத்து

வார்டு மெம்பர் இடம் காலி என்றால் நிர்வாகம் நிற்காது. கோரம் (கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) இருந்தால் கூட்டம் நடக்கும். தலைவர் இடம் காலி என்றால் புதிய தலைவர் வரும்வரை துணைத் தலைவர் அந்த வேலையைப் பார்ப்பார். தொல்லை துணைத் தலைவர் இடம் காலியாகும்போதுதான். ஊராட்சிப் பணத்தை எடுக்க 188-ஆம் பிரிவுப்படி தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கை இல்லை என்றால் டேங்க் ஆபரேட்டர் சம்பளத்திலிருந்து மோட்டார் ரிப்பேர் பில் வரை எல்லாம் மாட்டிக்கொள்ளும். அதற்கும் சட்டத்திலேயே வழி உண்டு: ஊராட்சி கூட்டம் போட்டு வேறொரு உறுப்பினருக்கு அந்த அதிகாரத்தைத் தீர்மானமாகக் கொடுக்கலாம். பல ஊர்களில் இந்த ஒரு தீர்மானத்தைப் போடாமல் மாதக்கணக்கில் மோட்டாரை ஓட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

துணைத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஊர் மக்கள் ஓட்டுப் போடுவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட வார்டு உறுப்பினர்களில் ஒருவரை, அதற்கென்று கூட்டும் கூட்டத்தில் தேர்ந்தெடுப்பார்கள். அவருடைய வார்டு உறுப்பினர் பதவி போனால் துணைத் தலைவர் பதவியும் கூடவே போகும். அப்போது இரண்டு காலியிடம், இரண்டு வகைத் தேர்தல்.

தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு

வந்துவிட்டால் எல்லாம் ஓட்டமாக ஓடும். 2022-இல் வேட்புமனு வாங்கத் தொடங்கியது ஜூன் 20. கடைசி நாள் ஜூன் 27, பரிசீலனை 28, வாபஸ் 30, ஓட்டுப்பதிவு ஜூலை 9, எண்ணிக்கை 12. மொத்தம் 23 நாள். வேட்பாளர் யார் என்று அறிவிப்புக்குப் பிறகு யோசிக்க ஆரம்பித்தால் நேரம் போதாது.

நிற்பவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிபவர் அந்த வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். காலியான இடம் பெண்களுக்கோ ஆதிதிராவிடருக்கோ ஒதுக்கப்பட்டது என்றால் இடைத்தேர்தலிலும் அந்த ஒதுக்கீடு அப்படியேதான். "மெம்பரம்மா இறந்துட்டாங்க, அவங்க வீட்டுக்காரர் நிக்கட்டும்" என்று ஊர்ப் பெரியவர்கள் பேசுவது பெண் வார்டில் செல்லாது.

டெபாசிட் பெரிய தொகை இல்லை: வார்டு உறுப்பினருக்கு 200 ரூபாய், தலைவருக்கு 600 ரூபாய், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதில் பாதி. செலவு வரம்பு 2019 தேர்தலில் வார்டுக்கு 9,000 ரூபாய், தலைவருக்கு 34,000 ரூபாய். முடிவு வந்து 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும். "தோத்துட்டோம், இனி என்ன கணக்கு" என்று விட்டவர்களை மூன்று ஆண்டுக்குத் தேர்தலில் நிற்க முடியாதபடி ஆணையம் தகுதி நீக்கம் செய்திருக்கிறது. வார்டும் தலைவரும் கட்சி சார்பற்ற தேர்தல்கள். இரட்டை இலைக்கோ உதயசூரியனுக்கோ அங்கே வேலை இல்லை. ஓட்டு வாக்குச்சீட்டில்தான், தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு.

இரண்டு இடங்களில் நம் ஊர் மனுக்கள் தடுக்கி விழும். ஒன்று வீட்டு வரி பாக்கி. ஊராட்சிக்குப் பாக்கி வைத்திருப்பவர் தகுதி இழப்பார். செட்டிநாட்டு வீடென்றால் ஒரே வீட்டுக்கு எட்டுப் பங்காளிகள், வரி ரசீது இன்னும் அப்பச்சி பெயரில். யார் பங்குக்கு யார் கட்டுவது என்று பேசிப் பேசியே மூன்று வருசம் கட்டாமல் போயிருக்கும். பரிசீலனை அன்று எதிர்த்தரப்பு அந்த ரசீதைத்தான் தூக்கிக்கொண்டு வரும். "அது என் பாக்கி இல்லை, எங்கள் பெரியப்பா பாக்கி" என்று வாதாடலாம்தான். ஆனால் பரிசீலனை மேசையில் வாதாடுவதை விட, முந்தின வாரம் முழுத்தொகையையும் கட்டி நிலுவை இல்லை என்று எழுதி வாங்கிக்கொள்வது எளிது. பங்காளிகளிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம், வாங்க முடிந்தால்.

மற்றொன்று வாக்காளர் பட்டியல். பட்டியல் சட்டமன்றப் பட்டியலிலிருந்து வார்டு வாரியாகப் பிரிப்பது. சென்னையில் இருந்துகொண்டு, சிவராத்திரிக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வீட்டைத் திறக்கிற ஆச்சியின் பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கலாமா? 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஒரு ஊரில் வீடு சொந்தமாக இருப்பதால் மட்டும் அந்த ஊரில் வழக்கமாக வசிப்பவர் ஆகிவிட முடியாது. ஆயிரம் சன்னல் வைத்த வீடானாலும் அதே கதைதான். சின்ன வார்டில் ஐந்து ஓட்டு முடிவை மாற்றிவிடும் என்பதால் இந்தச் சண்டை ஒவ்வொரு தேர்தலிலும் வரும். பட்டியலில் பெயர் சேர்க்கவோ நீக்கவோ வேண்டுமென்றால் தேர்தல் வரும்வரை காத்திருக்காமல் வருடாந்திரத் திருத்தத்தின்போதே செய்துவிடுங்கள்.

ஏலம்

இதை எழுதாமல் விட்டால் வழிகாட்டி முழுமை ஆகாது. ஊர்க்கூட்டம் போட்டு, "கோயில் கும்பாபிஷேகத்துக்கு யார் அதிகம் தர்றாங்களோ அவங்களே பிரசிடென்ட், மத்தவங்க மனுப் போடக்கூடாது" என்று முடிப்பது தென்மாவட்டங்களில் பல காலமாக நடக்கிறது. பணம் யார் சட்டைப் பைக்கும் போகவில்லை, சாமிக்குத்தானே என்பார்கள்.

போட்டியில்லாமல் தேர்வாவது சட்டப்படி சரி. ஒரே ஒரு மனு மட்டும் மிஞ்சினால் ஓட்டுப்பதிவு இல்லாமலே தேர்வானதாக அறிவிப்பார்கள். ஆனால் மற்றவர்கள் விலகியது பணத்துக்காக என்றால் அது லஞ்சம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் தேர்தல் குற்ற அத்தியாயத்தில் 'தேர்தல் உரிமை' என்பதற்கு விளக்கம் இருக்கிறது. ஓட்டுப் போடுவது மட்டும் அதில் வராது. வேட்பாளராக நிற்பது, நிற்காமல் இருப்பது, மனுவைத் திரும்பப் பெறுவது எல்லாம் வரும். அந்த உரிமையைப் பயன்படுத்துவதற்காக யாருக்குப் பணம் கொடுத்தாலும் 170-ஆம் பிரிவின்படி லஞ்சம்தான். 'யாருக்கு' என்பதில் ஊர்ப்பொதுவும் அடங்கும் என்பது என் வாசிப்பு. கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கொடுக்க வேறு நாளா இல்லை?

எண்ணி முடித்த பிறகு

வென்றவர் உறுதிமொழி எடுத்துப் பதவி ஏற்பார். அவருக்குக் கிடைப்பது ஐந்து ஆண்டு அல்ல. முன்பு இருந்தவருக்கு மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான். இரண்டு வருசத்துக்காக இவ்வளவு செலவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

முடிவில் தகராறு என்றால், முடிவு அறிவித்த பிறகு பி.டி.ஓ.விடமோ ஆட்சியரிடமோ மாற்றச் சொல்லிப் பயன் இல்லை. 45 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் தேர்தல் மனுத் தாக்கல் செய்ய வேண்டும். 2020 ஜனவரியில் காரைக்குடியை ஒட்டிய சங்கராபுரத்தில் தலைவர் பதவிக்கு இரண்டு பேருக்கு வெற்றிச் சான்றிதழ் கொடுத்துவிட்டு, ஊர் நீதிமன்றப் படி ஏறியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அறிவித்த அதிகாரியே அறிவிப்பை மாற்ற முடியுமா என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் பலருக்குப் புரிந்தது.

ஊராட்சியே காலியானால்

ஒரு நாற்காலி காலியாவதும் எல்லா நாற்காலியும் ஒரே நாளில் காலியாவதும் ஒன்றல்ல. அரசியல் சட்டத்தின் 243E பிரிவின்படி ஊராட்சியின் ஆயுள் முதல் கூட்டத்திலிருந்து ஐந்து ஆண்டு. அது முடியும் முன்பே அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும். இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள். எழுத்தில் இப்படி இருக்க, 2016 அக்டோபரிலிருந்து 2019 டிசம்பர் வரை நம் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள்தான் பார்த்தார்கள். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர். அந்தக் காலத்தில் 'நாலாவது வார்டு காலியிடம்' என்று மனுக் கொடுப்பதில் பொருள் இல்லை. பொதுத்தேர்தலைத்தான் கேட்க முடியும். ஆனால் கிராம சபை தனி அலுவலர் காலத்திலும் உண்டு. தெருவிளக்கையும் ஊருணியையும் அங்கே பேசலாம்.

2025-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு மாற்றுத்திறனாளி உறுப்பினர் நியமனமாக வர வழி ஏற்பட்டிருக்கிறது. அந்த இடம் தேர்தலால் நிரம்புவது அல்ல, விண்ணப்பத்தால். உங்கள் ஊரில் தகுதியானவர் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

சம்பளப் பதவிகள்

ஓட்டில்லாத காலியிடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் நிரப்பும் கை வேறு என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். வி.ஏ.ஓ. என்றால் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் முறையை எம்.ஜி.ஆர். அரசு ஒழித்ததிலிருந்து தாத்தா வேலை பேரனுக்கு என்பது முடிந்துபோனது. இன்னும் ஊரில் 'மணியார் வீடு' என்று ஒரு வீடு இருக்கும், பெயர் மட்டும்தான். தலையாரி என்கிற கிராம உதவியாளரை நியமிப்பது தாசில்தார், விளம்பரம் கொடுத்து. ஊராட்சிச் செயலர் பணிக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். விண்ணப்பம் ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளம் வழியாக.

விளம்பரமும் விண்ணப்பமும் இல்லாமல் "நாளைலேர்ந்து வா, அப்புறம் பெர்மனென்ட் பண்ணிடலாம்" என்று யார் சொன்னாலும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கொல்லைப்புறமாக வந்தவர்களுக்கு நிரந்தரம் கேட்கும் உரிமை இல்லை என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. விளம்பரம் வந்ததா என்பதை மாவட்ட இணையதளத்தில் பாருங்கள், தாலுகா ஆபீஸ் அறிவிப்புப் பலகையிலும் பாருங்கள். காரைக்குடியில் தாலுகா ஆபீஸ் வேறு, யூனியன் ஆபீஸ் வேறு. தலையாரி வேலைக்கு யூனியன் ஆபீஸில் போய் நின்று ஒரு நாள் கூலியை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர்.